கண்மணி

பூசத்துக்குப் பத்து நாள் முன்னால்
கத்ர்போர்ன் மைதானத்தில்
தீயணைப்புக்காரர்கள் தண்ணீர்ப் பந்தல் போட்டார்கள்.
குடிக்க அல்ல,
குளிப்பாட்ட.

ஒத்திகை.
நச்சுக்காற்று வந்ததாக வைத்துக்கொள்,
நாற்பது பேர் விழுந்ததாக வைத்துக்கொள்.
வைத்துக்கொண்டோம்.

கயெத்தானுக்குச் செத்தவன் வேடம்,
கழுத்தில் கறுப்பு அட்டை.
மீன் சந்தைக்கு விடியுமுன் எழுகிறவன்,
பாயில் கிடத்திய ஐந்தாம் நிமிடம்
குறட்டை விட்டான்.
பிணத்தைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிக்க
டாக்டர் ஜோம்தாலி மட்டும் சிரிக்கவில்லை.
மூச்சிருக்கிறதே, யார் பார்த்தது?
யாரும் பார்க்கவில்லை.
அட்டையைக் கட்டியவள் நான்.

அன்றிரவு அந்த நூல்
என் விரலில் சுற்றியே கிடந்தது.

மறுநாள் படம் போட்டுக் காட்டினார்:
வாயில் நுரை, கண்ணில் நீர்,
வியர்வை, நடுக்கம், கால் பின்னி விழுதல்.
நான் கை தூக்கினேன்.
டாக்டர், எங்கள் ஊர்வலத்தில்
பதினொரு மணிக்கு மேல் பாதிப் பேர் இப்படித்தான்.
நாக்கில் வேல் குத்தியவனுக்கு எச்சில் வடியாதா?
அருள் வந்தவள் நடுங்க மாட்டாளா?
இங்கே தை மாசம்தான் கோடை.
வெறுங்காலில் தார் ரோட்டில் நடக்கிறவன்
விழாமல் போனால்தானே அதிசயம்?
என்ன செய்கிறது என்று கேட்கவும் முடியாது,
வாய்க்குப் பூட்டு.

கொஞ்சம் யோசித்துக் கிரியோலில் சொன்னார்:
கண்மணியைப் பார்.
கையால் நிழல் கட்டிப் பார்.
விரிந்தால் வெயில்.
கடுகாகவே நின்றால், பெட்டியைத் திற.
ஒருவர் விழுந்தால் ஓடு.
ஒரே இடத்தில் மூவர் விழுந்தால்
கிட்டப் போகாதே.

கிட்டப் போகாதே!
பதினெட்டு வருஷமாய்க் கிட்டப் போவதற்குத்தான்
சம்பளம் வாங்குகிறேன்.

மிரேய் கேட்டாள்:
நச்சு பட்ட சேலையை உடனே களையச் சொல்ல வேண்டும்,
அத்தனை பேர் நடுவிலா?
திரைக்கு எண்பது மீட்டர் மஞ்சள் துணி வாங்கினோம்.
கோயில் பொருளாளர் சின்னாப்பேன்
கணக்கில் அதை அலங்காரம் என்று எழுதினார்.
பயம் என்று எழுத
அந்த நோட்டில் கட்டம் இல்லை.

பெட்டிக்குள் அட்ரோபின், அறுபது குப்பி.
ஊமத்தைக்குள்ளும் இருக்கிற அதே நஞ்சு.
அப்பன் சடையில் சூடுகிற பூ
பிள்ளை திருநாளுக்குக் காவல்.
சாவி என் இடுப்பில்.
காலாவதி மே மாதம்.
மற்ற மருந்து காலாவதியானால்
கிடங்குக்காரனோடு சண்டை போடுவேன்.
இதனிடம் மட்டும் வேண்டிக்கொள்கிறேன்,
தொடாமலே கெட்டுப் போ.

பூசத்தன்று
கோர் தெ கார்து மலை நோக்கிக் காவடிகள் ஏறின.
செருப்பில்லாத கூட்டத்தில்
எனக்கு மட்டும் முழங்கால் வரை ரப்பர்.
மேளம் காதை அடைத்தது.
நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை,
முகத்தைப் பார்க்கவில்லை,
கண்ணைக்கூட அல்ல,
கண்ணுக்குள் இருக்கிற கறுப்பை மட்டும்.
கண்மணி என்று என் மகனைக் கூப்பிட்டதெல்லாம்
அதன் அளவு தெரியாமல்.

படிக்கட்டருகே ஒரு பையன் சாய்ந்தான்.
நின்றேன்.
அவனுக்கு இடப்பக்கம் பார்த்தேன், வலப்பக்கம் பார்த்தேன்.
பால்குடம் சுமந்தவள் நிற்கிறாள்.
கிழவர் நிற்கிறார்.
பலூன்காரன் சில்லறை எண்ணுகிறான்.
பிறகு ஓடினேன்.

இமையைத் தூக்கி நிழல் கட்டினேன்.
கறுப்பு மெல்லத் திறந்தது,
அதற்குள் சின்னதாய் என் முகமூடி.

கன்னத்தில் வேல், குடிக்க வழியில்லை.
மணிக்கட்டில் உப்புத் தண்ணீர் ஏற்றினோம்.
உடம்பில் நூற்றெட்டு ஊசி குத்தியிருந்தான்,
நூற்றொன்பதாவது என்னுடையது.

அவன் அம்மா கேட்டாள்:
விழுந்ததும் ஏன் வரவில்லை?
எட்ட நின்று என்ன பார்த்துக்கொண்டிருந்தாய்?

வேறு யாராவது விழுகிறார்களா என்று.

அதைச் சொல்லவில்லை.
புட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.
பிடித்தாள்.
காலணிக்குள் வியர்வை
சளக் சளக்கென்றது.